ஆலய மணியின் அருட்பொருள்

(குடமுழுக்கு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



யாகசாலையில் மந்திர வலிமை ஏற்றப்பெற்ற திருக்குடத்து நீர் விமான கலசத்தின்மீது சொரியப்படும் அந்த ஒரு கணத்தில், ஆலயத்திலுள்ள மணிகள் யாவும் ஒருங்கே ஒலிக்கின்றன. நாகசுரமும் தவிலும் முழங்குகின்றன, சங்கு ஊதப்படுகின்றது, கூடி நிற்கும் அடியார்களின் அரகர முழக்கம் விண்ணை எட்டுகின்றது. பின்னர்க் கூட்டம் கலைகின்றது, பந்தர் பிரிக்கப்படுகின்றது, மேளமும் தத்தம் ஊர் செல்கின்றது. அன்று மாலையும், மறுநாட் காலையும், அதன் பின்னர் வரும் ஒவ்வொரு நாளும் ஆலயத்தில் எஞ்சி நிற்பது மணியோசை. குடமுழுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்த்தப்பெறுவது மரபு. மணியோ நாடோறும் காலந்தோறும் ஒலிப்பது. ஆதலின், இந்த நன்னாளில் மணியின் உட்பொருளைச் சிந்திப்பது மிகவும் பொருத்தமாகும்.

ஆலயத்தில் மணி எதற்காக அடிக்கப்படுகின்றது என வினவினால், சாமியைக் கூப்பிடுவதற்காக என்று சிறு பிள்ளையும் விடை கூறும். தீய சத்திகளை ஓட்டுவதற்காக என்பார் ஒருவர். பூசை நடைபெறுகின்றது என்பதனை ஊராருக்கு அறிவிப்பதற்காக என்பார் மற்றொருவர். இம்மூன்றும் பொய்யல்ல. பூசைத் தொடக்கத்தில் கைமணியை ஒலிக்கும்போது அருச்சகர் சொல்லும் சுலோகத்தின் கருத்தும், தேவர்கள் எழுந்தருள்க, தீயவை அகல்க என்பதே. ஆயினும் இதற்கும் அப்பால் ஓர் ஐயம் எழுகின்றது. எங்கும் நிறைந்தவனும், இமைப்பொழுதும் உறங்காதவனும் ஆகிய இறைவனை அழைப்பதற்கு ஒரு மணி வேண்டுமோ? உயிர்களின் உள்ளத்துள்ளே இருப்பவனுக்குச் செவிடுபட ஒலிப்பதனால் ஆவது யாது?

உறங்குபவன் இறைவன் அல்லன், உயிரே. வேறிடம் சென்றிருப்பவனும் இறைவன் அல்லன். சந்நிதியில் நின்றுகொண்டே சந்தையிலும் வழக்கு மன்றத்திலும் அலைந்து திரியும் மனமே. மணியை அடிப்பவன் தான் இறைவனை அழைப்பதாக எண்ணுகின்றான். உண்மையில் அழைக்கப்படுபவன் அவனே. இவ்வொரு கருத்தே ஆலய மணியின் அருட்பொருள் முழுவதற்கும் அடிப்படையாகும்.

மணியின் வகையும் வடிவும்

ஆலயத்தில் மணிகள் பலவாகும். நுழைவாயிலிலோ மகாமண்டபத்திலோ கட்டித் தொங்கவிடப்பெற்றிருக்கும் பெருமணி ஒன்று. அருச்சகர் கையிலேந்தும் கைமணி ஒன்று. யானையின் இருமருங்கும் தொங்கும் மணிகளும், தேரில் அசையும் மணிகளும் உண்டு. ஐயனார், கருப்பசாமி முதலிய ஊர்த்தெய்வங்களின் கோயில்களில், எண்ணிய காரியம் நிறைவேறிய பின் நேர்த்திக்கடனாக மணி கட்டும் வழக்கமும் உளது. அம்மணிகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கண்ணீரும் நன்றியும் ஆகும்.

கைமணியின் பிடியின் உச்சியில் சைவத் திருக்கோயில்களில் நந்தி அமைந்திருக்கும். வைணவத் திருக்கோயில்களில் கருடனோ திருவாழியோ அமைந்திருக்கும். மணியின் உள்ளே அசைவதற்குத் தமிழில் நா என்றே பெயர். அந்நாவில் கலைமகள் உறைகின்றாள் என்று பெரியோர் கூறுவர். நாவுடைய மணி பேசுகின்றது. ஆனால் எழுத்தும் சொல்லும் இல்லாமற் பேசுகின்றது. ஆகையால் கற்றவனும் கல்லாதவனும், தமிழறிந்தவனும் வடமொழி அறிந்தவனும், யாதும் அறியாத மழலையும் அதனை ஒருங்கே கேட்டு அறிகின்றனர். கைக்கெட்டாத உயரத்தில் தொங்கும் மணியை எட்டுவதற்காகத் தந்தையின் தோளில் ஏற்றப்பெறும் குழந்தை, தான் செய்யும் முதல் வழிபாட்டினை அம்மணியின் வழியாகவே செய்கின்றது.

மணியோசை தெய்வங்களுக்குரிய அணியும் படையும் ஆகும் என நூல்கள் பேசும். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில், முருகப்பெருமான் ஊர்ந்து வரும் களிற்றின் இருபுறமும் மணிகள் மாறி மாறி ஒலிப்பதனைப் பாடியுள்ளார். தேவி மாகாத்மியத்தில் தேவர்கள் தத்தம் படைக்கலங்களை அம்மைக்கு அளிக்கும்போது, இந்திரன் தன் ஐராவதத்தின் மணியை எடுத்து அளிக்கின்றான். அம்மணியின் ஓசை உலகை நிறைத்து அசுரரின் வீறினை அழித்தது என்று அந்நூல் போற்றுகின்றது. வாளும் சூலமும் உடலை அழிப்பன. மணியோ அகந்தையை நடுங்கச் செய்வது. அசுரர் என்போர் புறத்தே மட்டும் உள்ளவர் அல்லர் என்பதனை உணர்ந்தார்க்கு இதன் நுட்பம் விளங்கும்.

ஐம்புலனும் செவியும்

திருக்கோயில் வழிபாடு ஐம்புலன்களையும் இறைவன்பால் திருப்பும் பெருநெறியாகும். தீபம் கண்ணுக்கு, தூபம் மூக்குக்கு, திருவமுது நாவுக்கு, திருநீறும் தீர்த்தமும் மெய்க்கு, மணியும் மறையோசையும் செவிக்கு. இவ்வைந்தனுள் செவிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கோ மூடி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காணாதிருக்கலாம்; காதினை எளிதில் அடைத்துக்கொள்ள இயலாது. ஆகவே புலன்களைத் திருப்ப விரும்பிய பெரியோர் மூடியில்லாத வாயிலையே முதலில் நாடினர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இன்னும் ஒன்று. தீபாராதனையின்போது தூணுக்குப் பின்னே நிற்பவர் தீபத்தைக் காண்பதில்லை. பார்வை இழந்தவரும் காண்பதில்லை. அவர்களுக்கும் மணியோசை சென்று, இப்பொழுது திரை விலகியது, இப்பொழுது ஒளி காட்டப்பெறுகின்றது என்று அறிவிக்கின்றது. அருச்சகர் வலக்கையால் தீபத்தைக் காட்டி, இடக்கையால் மணியை ஒலிக்கின்றார். ஒளியும் ஒலியும் ஒருவர் கையிலிருந்தே ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒளி முன்னிற்பவர்க்கு, ஒலி எல்லார்க்கும். மங்கலமான அவ்வேளையில் அமங்கலமான சொல்லோ தும்மலோ பிறர் செவியில் விழாதிருக்க வேண்டும் என்பதும் பெரியோர் கூறும் மற்றொரு காரணமாகும். திருமணத்தில் மங்கல நாண் பூட்டும்போது கெட்டிமேளம் கொட்டப்படுவதும் இதுபற்றியே.

உலோகம் கற்பிக்கும் பாடம்

மணி வார்ப்பதற்குரிய வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பர். செம்பு தனியே மென்மையானது. வெள்ளீயம் அதனினும் மென்மையானது. இவ்விரண்டும் நெருப்பில் ஒன்றாய் உருகிக் கலந்த பின்னர், இரண்டினும் கடினமான வேறொரு பொருள் தோன்றுகின்றது. தனித்து நின்றபோது இரண்டிலும் இல்லாத இன்னொலியும் பிறக்கின்றது. வெள்ளீயம் குறைந்தால் ஓசை மழுங்கும். மிகுந்தால் மணி எளிதில் உடையும். அளவறிந்து கலப்பதே கலைஞனின் திறம். ஓர் ஊரில் வாழ்வோர் ஒருவரோடொருவர் உருகிக் கலந்து வாழ்ந்தாலன்றி அவ்வூரில் இன்னொலி எழாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மெழுகு வார்ப்பு என்னும் முறையில் மணி செய்வோர், முதலில் மெழுகினால் உருவமைத்து அதன்மேல் மண் பூசி உலர்த்துவர். பின்னர்ச் சூடேற்ற, மெழுகு முழுவதும் உருகி வெளியேறிவிடும். மெழுகு நின்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் ஊற்றப்படும். மெழுகு சிறிதேனும் தங்கினால் வார்ப்பு குற்றமுடையதாகும். உள்ளம் வெறிதானால் அல்லாமல் அருள் அங்கே புகுந்து உருக்கொள்ளுவதில்லை என்று அருளாளர் கூறுவதனை அந்த அச்சு காட்டுகின்றது.

வார்த்து முடித்த மணியைத் தொங்கவிட்டே அடிக்கவேண்டும். அதன் உடலைக் கையாற் பற்றிக்கொண்டு அடித்தால் ஓசை எழுந்தவுடன் மடியும். பற்று விட்டபோதே மணி ஒலிக்கின்றது. மயிரிழை போன்ற ஒரு பிளவு இருந்தாலும் பெருமணி ஓட்டைச் சட்டிபோல் ஒலிக்கும். கண்ணுக்குத் தோன்றாத அப்பிளவினை அடித்த மாத்திரத்தில் காது கண்டுகொள்ளும். ஒருவனுடைய உள்ளத்துப் பிளவும் இத்தகையதே. இன்பத்தில் அது வெளிப்படுவதில்லை. துன்பமாகிய நா வந்து தாக்கும்போது எழும் ஓசையே அவன் முழுமையானவனா அல்லனா என்பதனைக் காட்டுகின்றது.

நாதமும் மௌனமும்

இனி, மணியோசையின் தத்துவப் பொருளை நோக்குதல் வேண்டும். சைவ சித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களுள் மேலானது நாதம். சுத்த மாயையினின்றும் முதற்கண் தோன்றுவது அதுவே. பின்னரே விந்துவும் ஏனையவும். கூத்தப்பெருமானின் திருக்கரத்துத் துடியே படைப்பினைக் குறிக்கும் என்று மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் அருளிச் செய்தார். உலகம் ஒலியில் தோன்றிற்று என்பது இதன் கருத்து. தோன்றிய உயிர் வந்த வழியே திரும்பிச் செல்லவேண்டுமாயின், அவ்வொலியின் நுனியைப் பற்றிக்கொண்டே செல்லவேண்டும் அன்றோ?

வாக்கு நான்கு வகைப்படும். வாயினின்று பிறர் செவிக்குக் கேட்பது வைகரி. நெஞ்சில் சொல்லாக உருப்பெற்றும் வெளிப்படாதது மத்திமை. எழுத்து வேறுபாடு தோன்றாமல், மயில் முட்டைக்குள் தோகையின் நிறங்கள் அடங்கியிருப்பதுபோல் அடங்கி நிற்பது பைசந்தி. இவை அனைத்திற்கும் மூலமாய் நுண்ணிதாய் நிற்பது சூக்குமை. பேச்சு சூக்குமையினின்று வைகரிக்கு இறங்கி வருவது. மணியோசையோ கேட்பவனை வைகரியினின்று சூக்குமைக்கு ஏற்றிச் செல்வது.

இதனை எவரும் சோதித்து அறியலாம். பெருமணி ஒன்றினை ஒருமுறை மட்டும் அடித்துவிட்டு அமைதியாக நின்று கேட்க வேண்டும். முதலில் எழுவது உலோகத்தின் கூர்மையான தாக்கொலி. அது உடனே மறைகின்றது. பின்னர்ப் பல சுரங்கள் ஒன்றாய்க் கலந்த முழக்கம் நிற்கின்றது. ஒரு மணியிலிருந்து எழுவது ஒரே ஓசையன்று. பல அதிர்வுகளின் கூட்டமே அது என்று ஒலிநூலார் கண்டுள்ளனர். அவற்றுள் உயர்ந்த சுரங்கள் விரைந்து அடங்குகின்றன. தாழ்ந்த ரீங்காரமே நெடுநேரம் நின்று இறுதியில் தேய்கின்றது. அது தேயத் தேயக் கேட்பவனுடைய கவனமும் நுண்மையாகின்றது. இதோ நின்றுவிட்டது என்று சொல்லவும் இயலாமல், இன்னும் கேட்கின்றது என்று சொல்லவும் இயலாமல் ஓர் எல்லை வருகின்றது. அவ்வெல்லையில் மனத்தில் வேறு நினைவு இல்லை. அடிப்பதற்கு முன்னிருந்த மௌனமும் அதன் பின் வந்த மௌனமும் ஒன்றல்ல. முன்னையது வெறுமை, பின்னையது நிறைவு.

மாண்டூக்கிய உபநிடதம் 12 மந்திரங்களால் பிரணவத்தை ஆராய்ந்து, அகர உகர மகரங்களுக்கு அப்பால் ஒலியற்ற நான்காவது நிலை ஒன்று உண்டு எனக் கூறி முடிகின்றது. தியானபிந்து உபநிடதம் பிரணவத்தின் ஒலியை எண்ணெய் ஒழுக்குப்போல் அறுபடாதது என்றும், நெடிய மணியோசை போன்றது என்றும் உவமித்து, சொல்லால் உரைக்கவொண்ணாத அதன் முடிவை அறிந்தவனே வேதத்தை அறிந்தவன் என்கின்றது. திருமூலரும் யோக நெறியில் நிற்போர் உள்ளே கேட்கும் நாதங்கள் பத்து எனத் தொகுத்து, அவற்றுள் மணியோசையை முதலாவதாக வைத்தார். பணிந்தவர்க்கன்றி அவை புலப்படா என்றும் எச்சரித்தார். ஆகவே ஆலயத்தில் தொங்கும் மணி, உள்ளே ஒலிக்க வேண்டிய மணிக்கு ஓர் அடையாளமேயாகும். கல்லால நிழலில் தென்முகக் கடவுள் நால்வர்க்கும் வாய்திறவாமல் உணர்த்திய பொருளும் அம்மௌனமே. மணி அம்மௌனத்தின் வாயிலில் கொண்டுபோய் விடுகின்றது. உள்ளே புகுதல் அவரவர் தவத்தின் பாற்பட்டது.

கேட்ட அடியவர்கள்

இறைவனுக்கும் அடியவனுக்கும் இடையே ஒலி எவ்வாறு பாலமாகும் என்பதற்குச் சேரமான் பெருமாள் நாயனாரின் வரலாறு சான்றாகும். அவர் நாடோறும் பூசையை நிறைவேற்றும்போது, தில்லைக்கூத்தனின் திருச்சிலம்பொலி அவர் செவியிற் கேட்கும். ஒருநாள் அவ்வொலி கேட்கவில்லை. தம் வழிபாட்டில் பிழை நேர்ந்ததோ எனக் கலங்கிய அவர், உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்து வாளை உருவினார். அப்போது சிலம்பு மிகுதியாக ஒலித்தது. தில்லையில் சுந்தரர் பாடிய பதிகத்தில் உள்ளம் ஒன்றியிருந்தமையால் தாழ்த்தோம் என்று இறைவனின் திருவாக்கும் எழுந்தது. இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. சேரமான் ஒலி எழுப்பியதோடு அமைந்தவர் அல்லர். மறுமொழி வருகின்றதா என்று நாடோறும் காத்து நின்றவர். மணியை அடித்துவிட்டு உடனே திரும்பிச் செல்வோர் பலர். அதன் மறுமொழியைக் கேட்க நிற்போர் சிலரே.

வைணவ மரபில் இதனினும் வியத்தகு செய்தி ஒன்று வழங்குகின்றது. காஞ்சிபுரத்தைச் சார்ந்த தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகர், திருவேங்கடமுடையானின் திருமணியின் அவதாரமாகப் போற்றப்பெறுகின்றார். திருமலையில் தம் அன்னை அம்மணியை விழுங்கியதாகக் கனாக் கண்டு அவரைப் பெற்றெடுத்தனள் என்பது குருபரம்பரைச் செய்தி. தேசிகரும் தாம் இயற்றிய சங்கற்ப சூரியோதயம் என்னும் நாடகத்தில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். மணி ஆசாரியராக வந்து, நாதம் நூல்களாக மலர்ந்தது என்பது இதன் பொருள். மணியின் பயன் ஒலித்து ஓய்வதன்று. அதனை உட்கொண்டவன் தானே பிறரை எழுப்பும் மணியாதல் வேண்டும் என்பதே.

அறத்தின் மணி

மணி ஆலயத்தில் மட்டும் தொங்கியதன்று. அரண்மனை வாயிலிலும் தொங்கிற்று. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியைக் கன்றினை இழந்த பசு தன் கொம்பினால் அசைத்ததும், தன் ஒரே மகனின் தேர்க்காலில் அக்கன்று மாண்டது என்பதனை மன்னன் அறிந்ததும், அம்மகனையே தேர்க்காலில் கிடத்தித் தேரைச் செலுத்தியதும் தமிழ் மக்கள் அனைவரும் அறிந்தனவே. அமைச்சர்கள் கழுவாய் செய்து அமையலாம் என்றனர். தன் மகனுக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதியோ என்று மன்னன் அதனை மறுத்தான். வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் எழுந்தருளிக் கன்றையும் மைந்தனையும் உயிர்ப்பித்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடினார். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நீதி கேட்டு நின்ற கண்ணகி, தன் சோழநாட்டின் பெருமையாக முதற்கண் எடுத்துரைத்தவற்றுள் இவ்வரலாறும் ஒன்று.

அநுராதபுரத்தில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஆண்ட எல்லாள மன்னனைப்பற்றியும் இத்தகைய செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. அவன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியைக் கட்டி, நீதி வேண்டுவோர் இழுப்பதற்காக அதன் கயிற்றை வெளியே விட்டிருந்தான் என்றும், பகைவர்க்கும் நண்பர்க்கும் ஒப்ப நீதி வழங்கினான் என்றும் பௌத்த நூலாகிய அது அவனைப் புகழ்கின்றது. உறங்கும் இடத்திலேயே மணியைக் கட்டிக்கொண்டான் என்பது நினைந்து நினைந்து போற்றத்தக்கது.

ஆராய்ச்சி மணிக்கும் ஆலய மணிக்கும் உள்ள உறவு யாது? அங்கே குடிமகன் அடித்தான். அரசன் எழுந்து வந்தான். இங்கே அடியவன் அடிக்கின்றான், இறைவன் அருள்கின்றான். இவ்வளவே என்று எண்ணுதல் போதாது. மணியோசையைக் கேட்டவன் வாளா இருத்தல் கூடாது என்பதே இரண்டிற்கும் பொதுவான அறம். கேட்டும் எழாதவன் அரசனாயினும் அடியவனாயினும் கேட்டவன் ஆகான்.

எல்லாரையும் அழைத்த ஓசை

இந்த அறத்தினைத் தமிழகம் எக்காலத்தும் போற்றியதா என்பதனையும் உண்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆலய மணியின் ஓசை மதிலைத் தாண்டி, நான்கு வீதிகளையும் தாண்டி, ஊர்ப்புறத்துக் குடிசைகளிலும் புகுந்தது. அது குலம் வினவியதில்லை. ஆனால் அவ்வோசை கேட்டு வந்தவர்களுள் ஒரு சாராரை வாயிலில் மனிதர் தடுத்து நிறுத்தினர். மணி வா என்றது. மனிதன் நில் என்றான்.

ஆதனூர்த் திருநாளைப்போவார் என்னும் நந்தனார், சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் உவந்து அளித்துவந்தார் என்று பெரியபுராணம் கூறும். கோயிலுள் எழும் ஒலிக்குரிய பொருளை அளித்தவரே கோயிலுள் புக இயலாதிருந்தார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து அவருக்குக் காட்சி தந்தார். கல்லால் ஆகிய நந்தி விலகிற்று. மனிதர் உள்ளம் விலகுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. அன்றே மணியின் அழைப்பு மெய்யாயிற்று எனலாம். இன்றும் எந்த ஊரிலேனும் மணியோசை கேட்டு வருபவர் ஒருவர் முகம் சுளிக்கப்பெறுவாராயின், அவ்வூர் மணி பிளவுபட்ட மணியே ஆகும்; எத்தனை குடமுழுக்கு நிகழ்த்தினும் அதன் ஓசை செம்மைப்படாது.

காலம் காட்டிய மணியும் இன்றைய நிலையும்

கடிகாரம் இல்லாத காலத்தில் ஊருக்கெல்லாம் காலம் காட்டியது ஆலய மணியே. காலைச்சந்தி மணி கேட்டு உழவர் வயலுக்குச் சென்றனர். உச்சிக்கால மணி கேட்டு உணவு கொண்டனர். சாயரட்சை மணி கேட்டு விளக்கேற்றினர். அர்த்தசாம மணி கேட்டு உறங்கச் சென்றனர். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த செய்தி வழிநெடுகிலும் அமைந்த மண்டபங்களின் ஒலி வாயிலாக வந்தெட்டிய பின்பே உணவு கொண்டார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்ற வீரபாண்டிய கட்டபொம்மனும், திருச்செந்தூர் முருகனின் உச்சிக்காலப் பூசை மணி, மண்டபத்துக்கு மண்டபம் தொடர்ந்து ஒலித்துப் பாஞ்சாலங்குறிச்சியை எட்டும்வரையில் உண்ணாது காத்திருந்தான் என்பர். தன் பசியைவிட இறைவன் பூசையை முற்படுத்திய அவ்வொழுக்கமே இங்குக் கருதத்தக்கது.

இன்று காலம் அறிவதற்கு மணி வேண்டுவதில்லை. ஒவ்வொருவர் கையிலும் கடிகாரமும் கைப்பேசியும் உள. ஒலிபெருக்கியின் ஆரவாரத்தில் மணியோசை மூழ்கிப் போவதும் உண்டு. பல ஆலயங்களில் மின்விசையால் இயங்கும் மணியும் முரசும் வந்துவிட்டன. விசையைத் தட்டினால் அவை தாமே ஒலிக்கின்றன; மீண்டும் தட்டினால் ஓய்கின்றன.

அக்கருவியினை இகழ்வது நோக்கமன்று. பல சிற்றூர்களில் ஓர் அருச்சகரே இரண்டு மூன்று கோயில்களுக்குச் சென்று பூசை செய்கின்றார். ஒரு கையில் தீபமும் ஒரு கையில் கைமணியும் ஏந்திய அவர், பெருமணியை எவ்வாறு இழுப்பார்? கயிற்றைப் பற்றுவதற்கு அருகில் ஒருவரும் இல்லாமையாலேயே அக்கருவி அங்கே வந்தது. ஆகவே குறை கருவியிடத்தில் இல்லை. வராமற்போன மக்களிடத்தில் உளது. கருவி ஒலியை உண்டாக்கவல்லது. ஆனால் தான் எழுப்பும் ஒலியினால் தான் எழுப்பப்பெறும் பேறு அதற்கு இல்லை. அடிப்பவனே முதலில் கேட்பவன் என்னும் சிறப்பு மனிதனுக்கே உரியது.

ஒரு கை செய்யும் தொண்டு

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டுவதில்லை. ஓர் ஊரில் 30 குடும்பத்தினர் முன்வந்து, ஒவ்வொரு குடும்பமும் மாதத்தில் ஒரு நாள் பூசை நேரத்தில் ஒருவரை அனுப்பினால் போதும். ஆண்டு முழுவதும் மணிக்கயிற்றில் ஒரு மனிதக் கை இருக்கும். பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியர் இத்தொண்டினைப் பெருவிருப்போடு ஏற்பர். திருமுறை ஓத அறியாதவரும், மாலை கட்ட அறியாதவரும், பொருள் வழங்க வகையில்லாதவரும் மணியடிக்கலாம். திருத்தொண்டுகளுள் இத்துணை எளியதும், இத்துணைப் பேருக்குப் பயன்படுவதும் வேறொன்று உண்டோ? வழிபட வருவோரும் மணியை விளையாட்டாக ஓயாது அடிக்காமல், ஒருமுறை அடித்து, அதன் ரீங்காரம் தேய்ந்து மறையும்வரையில் கண்மூடி நின்று, அதன் பின்னர்ச் சந்நிதியை நோக்குவாராயின், திரும்பும்போது உள்ளத்தில் ஓர் அமைதியைக் கொண்டு செல்வர்.

விமானத்தின் பொன்னிறக் கலசம் வெயிலிலும் மழையிலும் மங்கும். வண்ணம் தீட்டிய கோபுரமும் நிறம் மாறும். அவற்றைப் புதுப்பிக்க 12 ஆண்டுகள் காத்திருத்தல் கூடும். அடியவர் உள்ளமாகிய ஆலயத்திற்கோ அத்துணை நாள் காத்திருத்தல் இயலாது. அதற்கு நாடோறும் குடமுழுக்கு வேண்டும். அதனை நிகழ்த்தி வைப்பது காலையும் மாலையும் எழும் மணியோசையே.

இத்திருக்கோயிலின் மணி என்றும் ஓயாது ஒலிப்பதாக! அதனை ஒலிக்கும் கைகள் குறையாதிருப்பனவாக! கேட்டோர் எல்லாரும் எழுவாராக! எழுந்தோர் எல்லாரும் வேற்றுமையின்றி உட்புகுவாராக! எல்லாம் வல்ல இறைவன் திருவருள் எங்கும் பொலிக!

வாழ்க அடியார்கள்! வளர்க திருத்தொண்டு!